குறைந்தது இரண்டு எழுத்து

பூடோ துறைமுகத்தில் இரண்டரை மணிக்கே இருட்டிவிட்டது.
படகுக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் சுன்னிவா
பத்து வாரத்துக்கு முன் தான் எழுதிய ஒற்றை வரியைப்
பக்கத்து வீட்டு நாயைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்,
கடிக்குமா கடிக்காதா என்று.

படகில் பொருளைத் தொலைத்தவர்களுக்கான படிவம்.
என்ன பொருள்: கட்டாயம்.
எந்தத் தேதி: கட்டாயம்.
உங்கள் ஊர்: விருப்பமிருந்தால்.
வேறு ஏதாவது: விருப்பமிருந்தால்.

முதல் வாரமே ஒருவர் அந்தக் கடைசிப் பெட்டியில்
தன் விவாகரத்து முழுவதையும் கொட்டிவிட்டார்.
தொலைந்தது ஒரு குடை.
கிடங்கில் அச்சுப்பொறி பதினோரு தாள் துப்பியது.
கிடங்குக்காரர் ஓட்டார் நின்றபடியே படித்து முடித்துக்
குடையைத் தேட மறந்தார்.
ஆகவே மேலே ஒரு கூரை: ஐந்நூறு எழுத்து.

ஊர் கேட்ட இடத்தில் ஒருவர் புள்ளி வைத்தார்.
இன்னொருவர் எக்ஸ்.
ஆகவே கீழே ஒரு தரை: குறைந்தது இரண்டு.
அவசரத்தில் அந்த விதி வெற்றுப் பெட்டிமேலும் பாய்ந்து
விரும்பாதவர்களிடமும் இரண்டு எழுத்து பிடுங்கப் பார்த்தது.
அதை அன்று மாலையே திருத்தினாள்.
காலியா, கேட்காதே.
ஏதாவது இருந்தால் மட்டும் அள.
சரியாகத்தான் இருந்தது,
ஐலிவ் என்பவரின் கடிதம் வரும்வரை.
தாளில், பேனாவில், தபால்தலை ஒட்டி.

'என் இடது கையுறை தொலைந்தது.
ஊரைக் கேட்டீர்கள், எழுதினேன்.
போதாது என்றது உங்கள் பெட்டி.
எவ்வளவு இருந்தால் போதும் என்று யோசித்தேன்.
நூறு பேர் தேறுமா தெரியாது.
மீன் காயும் மரச்சட்டங்கள் உண்டு. சாலை எங்களோடு முடிகிறது.
இரண்டு முறை எழுதினேன்: ஓஓ.
ஏற்றுக்கொண்டது.
ஆனால் அது என் ஊர் இல்லை,
யாரோ கால்விரலை மேசையில் இடித்துக்கொண்ட சத்தம்.
அழித்துவிட்டுக் காலியாக அனுப்பினேன்.
நன்றி என்றது.'

சொன்னால் தள்ளுகிறது.
சொல்லாமல் போனால் கைகூப்புகிறது.
சுன்னிவா கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது
காப்பி ஆறியிருந்தது.

அந்த ஊருக்குப் பெயர் ஒரே எழுத்து,
தலையில் சிறு வளையம் சுமந்த ஏ.
வாயால் சொன்னால் ஓ.
அவர்கள் மொழியில் அதற்கு ஓடை என்று பொருள்.
நம் பழைய அகராதியிலும் ஓ இருக்கிறது:
மதகில் தண்ணீரை மறிக்கும் பலகை.
அங்கே ஓடுவது, இங்கே தடுப்பது.
இதை அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை.
சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்,
அல்லது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கேட்டிருப்பாள்.

இரண்டை ஒன்றாக்கினாள்.
ஒரே விசை. ஒரு நொடி.
புள்ளி வைப்பவர் வைக்கட்டும்,
அதுவும் எங்கோ இருக்கலாம்.

பிறகு பழைய பதிவுகளை மேலிருந்து கீழே உருட்டினாள்.
நவம்பர் ஒன்பது. பொருள்: மவுத் ஆர்கன்.
வேறு ஏதாவது: ஏழு இடைவெளி.
யாரோ நீளக் கட்டையில் விரலை வைத்துத்
தொடங்கலாமா என்று இருந்துவிட்டு
அப்படியே அனுப்பியிருக்கிறார்.
நிரல் இரண்டு ஓரத்தையும் கத்தரித்து எண்ணிப் பார்த்தது.
சுழியம். ஆகவே செல்லும்.
அந்த வரியை அவள் தொடவில்லை.
மூடவும் இல்லை கொஞ்ச நேரம்.

நாலு மணிக்குக் கிடங்குக்குப் போன் போட்டாள்.
'ஐலிவ், ஓ ஊர்க்காரர், இடது கையுறை.'
ஓட்டார் பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.
'இடது மட்டும் நாற்பத்தொன்று இருக்கு.
என்ன நிறம்?'

திரையைப் பார்த்தாள்.
'சொல்லலை,' என்றாள்.
'அது விருப்பமிருந்தால்.'